ஏழு வீட்டுக்கு ஒரு லைன்

இரண்டரை மணிக்கு வீடியோ காலில் பிணத்தைக் காட்டுவார்கள், புருஷனா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏட்டையா ஞானதுரை போனில் சொன்னபோது ஆனந்தவல்லி பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். மணி ஒன்றேகால். மிஷின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. வெளியே கக்கூஸ் பக்கம் போய் நின்று, மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவரும் சொன்னார், முன்னைவிட மெதுவாக.

அவள் புருஷன் இசக்கிமுத்து மகாராஷ்டிராவில் முறுக்குக் கம்பெனியில் மாவு பிழிகிறவன். முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று கிளம்பினான். கிளம்பி இருபத்திரண்டு நாள். போனை எடுக்கவில்லை, போய்ச் சேருகிறேன் என்ற இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. அவன் சொந்த ஊர் வன்னியம்பட்டி என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் புகார் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை வாங்கி வைத்தவர்தான் ஞானதுரை.

அங்கே ஏதோ ஒரு சின்ன ஊரில் வாய்க்கால் ஓரமாக ஒரு ஆள் கிடந்திருக்கிறான். எடுத்து ஐந்து நாளாகிறது. சட்டைப்பையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு தாம்பூலப் பை கிடந்திருக்கிறது. அதில் அச்சடித்த எழுத்து அந்த ஊர் போலீசுக்குப் புரியவில்லை. அங்கே இட்லிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவரிடம் காட்ட, இது ராஜபாளையத்துக் கல்யாண மண்டபம் என்று அவர் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டுதான் செய்தி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்து சேர்ந்தது.

ஆனந்தவல்லி அவனுக்கு ஊறுகாயும் கைலியும் அப்படிப்பட்ட பையில்தான் கட்டிக் கொடுப்பாள். அவள் மட்டுமா? சேத்தூர், செட்டியார்பட்டி, வன்னியம்பட்டி என்று இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து முறுக்குப் பிழியப் போன அத்தனை பேர் வீட்டிலும் அந்தப் பைதான்.

போட்டோ வந்திருக்கிறது, ஆனால் அனுப்ப மாட்டேன் என்றார் ஏட்டையா. “பாத்தாலும் ஒண்ணும் தெரியாதும்மா. மூஞ்சி மூஞ்சியா இல்ல. அதான் அந்த இட்லிக்கடை ஐயாதுரைகிட்ட ஒன் நம்பரையும் குடுத்து, ஆளைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிருக்கேன். கட்டுனவளுக்கு ஏதாவது ஒண்ணு தெரியாமப் போவாது. அங்க ஐஸ்பெட்டி ரிப்பேராம். சாயங்காலம் இன்னும் ரெண்டு அநாதைப் பொணத்தோட சேத்து எரிச்சுப்புடுவாகளாம்.”

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரட்டுமா என்று கேட்டாள். அவர் பந்தோபஸ்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் நெட் நல்லா வருமா, வந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாமே என்றார்.

“வைஃபை இருக்கு ஏட்டையா. அன்லிமிடெட்டு.”

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தாள். மாசக் கடைசி என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ராஜபாளையத்தில் அவளும் மகளும் குடியிருந்த வளவில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழு வீடு. ஏழுக்கும் ஒரே தண்ணிக் குழாய், ஒரே கக்கூஸ். போன வருஷம் மில்லில் வேலை பார்க்கும் எட்வின் தன் பேரில் ஒரு பிராட்பேண்ட் லைன் எடுத்து, ஏழு வீட்டுக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்தான். செலவு பொது. அன்லிமிடெட் என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முதல் மாசம் இருபதாம் தேதிக்கு மேல் சினிமா நின்று நின்று ஓடியபோது எல்லாரும் எட்வினைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கேபிள்காரனிடம் கேட்டுவந்து சொன்னான்: மாசத்துக்கு இவ்வளவு ஜிபி என்று அளவு உண்டு, அதற்கு மேல் போனால் லைனைப் பிடுங்க மாட்டார்கள், வேகத்தை மட்டும் இறுக்கிவிடுவார்கள். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் அவனே குழாயைக் காட்டிச் சொன்னான், “நிக்காது. ஆனா சொட்டும்.”

அதுதான் வினையாகப் போயிற்று. மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் ஊரில், குழாய் சொட்ட ஆரம்பிக்கப் போகிறது என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? இருக்கிற குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். அதையேதான் செய்தார்கள். ஒன்றாம் தேதி பிறந்ததும் வீட்டுக்கு ஒரு பகல் என்று முறை வைத்து, சீரியலும் சினிமாவும் பிரசங்கமும் சமையலுமாகப் போன் கொள்ளுமட்டும் இறக்கி வைத்தார்கள். பார்க்கிறார்களோ இல்லையோ, பிடித்து வைத்தார்கள். இருபதாம் தேதி வரை ஓடிய நெட் பதினைந்தாம் தேதியே சொட்ட ஆரம்பித்தது. போதாக்குறைக்குக் கேபிள்காரன் அதே வயரில் இன்னும் நாலு தெருவைச் சேர்த்துவிட்டிருந்தான்.

வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே என்று போனுக்கு நெட் போடுவதை எல்லாரும் நிறுத்தி மாசக்கணக்காகிவிட்டது. ஆனந்தவல்லி போனில் வேலிடிட்டியே முடிந்துவிட்டது. யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கும், அவளால் யாரையும் கூப்பிட முடியாது.

வளவுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். நேராக எட்வின் வீட்டுக்குப் போனாள். அவன் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். மில்லுக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். அவன் பெண்டாட்டி ஜெபாவிடம்தான் கொஞ்சம் நல்ல போன் இருந்தது. அந்த நம்பரைத்தான் ஏட்டையாவிடம் கொடுத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஜெபா போனில் எதையோ அமுக்கிப் பார்த்தாள். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“எம்போனுக்கு நெட்டு போட்டுப் பாக்கேன்க்கா,” என்றாள் ஜெபா. ரீசார்ஜ் பண்ணவும் நெட் வேண்டும். அங்கேயும் வட்டம். பக்கத்துக் கடையில் போடலாம் என்று ஆனந்தவல்லி ஓடிப் பார்த்தாள். கடைக்காரன் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். மெயின் ரோட்டுக்குப் போனால் வேறு கடை உண்டு. போய்வர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் கால் வந்து போய்விட்டால்?

திரும்பி வந்து வீடு வீடாகப் போய் நின்றாள். எல்லாரும் போனை அணைத்துவிடுங்கள், ஒரு அரை மணி நேரம், கும்பிட்டுக் கேட்கிறேன் என்றாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சாப்பிட்ட கையோடு வந்து அணைத்தார்கள். அடுத்த வீட்டு வெள்ளத்தாய்க்குத் தன் போனை எப்படி அணைப்பது என்று தெரியவில்லை. அவள்தான் வளவில் எல்லாரையும்விட அதிகமாகப் பிடித்து வைத்தவள். போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஏட்டி வல்லி, இதுல அம்புட்டும் பிடிச்சு வச்சுருக்கேம்ட்டி. இதுலருந்து கொஞ்சம் உம்போனுக்கு ஊத்திக்கிற வழி இல்லியா?”

வேறு நாளாக இருந்தால் வளவே சிரித்திருக்கும். “இல்ல மதினி,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆனந்தவல்லி அந்தப் போனை வாங்கி அணைத்தாள்.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஜெபாவின் போன் அடித்தது.

முதலில் ஒரு மூக்கும் மீசையும் தெரிந்து அப்படியே உறைந்து நின்றது. இட்லிக்கடை ஐயாதுரை. குரல் விட்டு விட்டு வந்தது. தங்கச்சி... உள்ள... போலீசு... பாத்து... என்று வார்த்தைகள் தனித்தனியாக உதிர்ந்தன. பிறகு மூக்கு கலைந்து, திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சாம்பலும் பச்சையும் கறுப்பும். தரையில் உடைந்த ஓட்டுச்சில்லைப் பரப்பியதுபோல. அதில் எது பிணம், எது மேசை, எது சுவர்? ஆனந்தவல்லி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். கட்டங்கள் அசையவில்லை. ஒரு நிமிஷம் கழித்துக் கால் அறுந்தது.

எல்லாப் போனும் அணைந்துதானே இருக்கிறது என்று வெளியே ஒருத்தி கேட்டாள். ஜெபா சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு ஓயாமல் துடித்தது. யாரோ நெட்டை இழுக்கிறார்கள்.

மூலை வீட்டு ஜெயபாண்டி குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. சன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்ததில் டிவி இருட்டாக இருந்தது, அதன் அடியில் டிவிக்கு நெட்டை இழுத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டியில் மட்டும் நீலப்பொட்டு எரிந்தது. ரிமோட்டில் டிவியை அணைத்துவிட்டு, பெட்டியை அணைக்காமல் போயிருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டில் பார்க்க ஆளில்லாமல் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கிறது.

நடையில் மீட்டர் பலகை இருந்தது. வீட்டுக்கு ஒன்றாக ஏழு பீஸ் கட்டை. ஜெயபாண்டி வீட்டுக் கட்டையைப் பிடுங்கினால் பெட்டி செத்துவிடும். யோசனை ஆனந்தவல்லிக்குத்தான் வந்தது. அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் வெள்ளத்தாய் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ஓரத்துக் கட்டையைப் பிடுங்கிவிட்டாள்.

உள்ளே ஜெபா, “ஐயோ, நம்ம வீடு,” என்றாள்.

ஃபேன் நின்றது. சுவரில் இருந்த பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. கட்டையைத் திரும்பச் சொருகி, பக்கத்துக் கட்டையைப் பிடுங்கினார்கள். இந்தத் தடவை நீலப்பொட்டு அணைந்தது. ஆனால் வைஃபை பெட்டி முதலிலிருந்து உயிர் பிடித்து வர நாலைந்து நிமிஷம் ஆகும் என்றாள் ஜெபா. வெள்ளத்தாய் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் ஆனந்தவல்லியின் சொந்தப் போன் அடித்தது. சாதாரணக் கால். ஐயாதுரை.

குரல் தெளிவாகக் கேட்டது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவதுகூடத் தெரிந்தது. போலீஸ்காரர் அவசரப்படுத்துகிறார், வண்டி வந்துவிட்டது, இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது என்றார். வீடியோதான் வரவில்லையே, வாயால் கேளு தங்கச்சி, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

கையில் எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முறுக்குக் கம்பெனியில் எவன் கையில் அது இல்லை? இடது பெருவிரல் நகத்தைக் கேட்டாள். மில்லில் இருந்தபோது மிஷினில் கொடுத்தது, பாதி நகம்தான் இருக்கும். எல்லா நகமும் கழன்றுவிட்டது என்றார். பல்லைக் கேட்டாள். முன்பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும்.

“ஆமா தங்கச்சி. அப்படித்தான் இருக்காப்புல இருக்கு.”

அவர் எத்தனை நொடி பார்த்துவிட்டுச் சொன்னார் என்பதை அவள் கவனித்தாள். ஒரு நொடிகூட இல்லை. பாவம், நல்ல மனுஷன். கடையை விட்டுவிட்டு வந்து, அந்த நாற்றத்தில் நிற்கிறார். அவள் கேட்பதற்கெல்லாம் ஆமாம் சொன்னால் சீக்கிரம் முடியும், அவளுக்கும் நிம்மதி என்று நினைக்கிறார். ஆனந்தவல்லி கேட்டாள்.

“அண்ணாச்சி, வலது தோள்ல பச்சை குத்திருக்கா? வேல் மாதிரி?”

“இருக்கு தங்கச்சி. கறுப்பா என்னமோ தெரியுது. வேலுதான்.”

இசக்கிமுத்து உடம்பில் எங்கேயும் பச்சை கிடையாது.

  தோளில் வேல் இருந்தால் அது அவன் இல்லை. ஆனால் வேல் இருக்கிறது என்று சொல்கிறவர் எதைக் கேட்டாலும் இருக்கிறது என்பார். இனி அவர் வாயிலிருந்து வரும் எதையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும். போட்டோவாக எடுத்து ஜெபா நம்பருக்கு அனுப்பச் சொன்னாள். கால், முதுகு, காது. அனுப்பியாயிற்று, நாலு அனுப்பியாயிற்று என்றார்.

பெட்டியில் விளக்கு வந்தது. ஜெபாவின் போனில் நாலு போட்டோவும் வந்தன. நாலும் ஈரத்துணியால் மூடியதுபோல மங்கலாக, நடுவில் சுற்றும் வட்டத்தோடு. ஐயாதுரை மறுபடி வீடியோவில் கூப்பிட்டார். இந்தத் தடவை கட்டங்கள் சின்னதாயின. இன்னும் சின்னதாயின. ஆறேழு நொடி நிஜமாகவே படம் ஓடியது. ஒரு கால் தெரிந்தது. கறுத்து, வீங்கி, தோல் உரிந்த ஒரு மனுஷக் கால். பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி இருந்தது. இசக்கிமுத்துவுக்கும் இருக்கும். வீங்கினால் யாருக்கும் இருக்கும். மேலே, மேலே காட்டுங்கள் என்று அவள் கத்தினாள். படம் மேலே நகர ஆரம்பித்து, முழங்காலுக்கு வந்தபோது உறைந்தது. பச்சை விளக்கு துடித்தது. நாலு தெருவும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். அங்கே எந்தக் கட்டையைப் போய்ப் பிடுங்குவது?

சாதாரணப் போனில் மறுபடி ஐயாதுரை. போலீஸ்காரர் காகிதத்தோடு நிற்கிறாராம். ஆமாமா, இல்லையா?

“தெரியலண்ணாச்சி. தெரியலன்னே எழுதச் சொல்லுங்க.”

அவர் அங்கே கேட்டுவிட்டு வந்தார். அப்படி எழுத இடம் இல்லையாம். தெரியவில்லை என்றால் இல்லை என்றுதான் எழுதுவார்களாம். இல்லை என்றால் இப்போதே வண்டியில் ஏற்றிவிடுவார்கள், மற்ற இரண்டோடு சேர்த்து விறகில் வைத்துவிடுவார்கள்.

 இல்லை என்று சொல்லி, அது அவனாக இருந்துவிட்டால், பேர் தெரியாதவனாக எரிந்துபோவான். அவள் ஆயுசு முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆமாம் என்று சொல்லி, அது அவனாக இல்லாவிட்டால்? அவன் உயிரோடு வந்தால் வரட்டும், வந்து ஏன்டி என்னைக் கொன்றாய் என்று கேட்கட்டும். அது பெரிதில்லை. ஆனால் அங்கே கிடக்கிறவனும் ஒருத்தி கட்டிக் கொடுத்த பையோடுதான் கிடந்தான். சேத்தூரிலோ செட்டியார்பட்டியிலோ அவளும் இருபது நாளாகப் போன் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவள் ஆமாம் சொல்லிவிட்டால் அவளுக்கு இனி எந்த ஸ்டேஷனிலிருந்தும் கூப்பிட மாட்டார்கள்.

இந்த இரண்டு பயமும் எரித்தால்தான். நெருப்பில் போனதை யாரும் திரும்பக் காட்ட முடியாது.

ஆனந்தவல்லி கல்யாணமாகி வந்த வருஷம் வன்னியம்பட்டியில் ஒரு பெண் செத்ததில் சந்தேகம் என்று, பத்து நாள் கழித்துத் தாசில்தாரை வைத்துக்கொண்டு குழியைத் தோண்டினார்கள். அவள் ஓடையோரம் நின்று பார்த்தாள். தோண்டினால் இருக்கும். மண்ணுக்குள் வைத்தது இருக்கும்.

“அண்ணாச்சி, எரிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. எங்கள்ல எரிக்க மாட்டோம். பொதைக்கிறதுதான் வழக்கம். எங்க மாமனாரையும் பொதைச்சுத்தான் இருக்கு.”

ஐயாதுரை அங்கே பேசினார். இந்தியில் கொஞ்ச நேரம் வழக்கு ஓடியது. திரும்பி வந்தார்.

“தங்கச்சி, அநாதைப் பொணம்னா இவங்க இஷ்டம், வெறகுதானாம். உரிமைப்பட்டவங்க இருந்து, அவங்க வழக்கம்னு சொன்னா பொதைக்கலாமாம். ஆனா நீ நம்ம ஆளுதான்னு சொல்லணும். பேரு எழுதணும்.”

வாசலில் வளவுப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அணைத்த போன்கள் கையில் இருந்தன. வெள்ளத்தாய் பலகைக்கடியிலிருந்து எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஆனந்தவல்லி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஆமா. எங்க வீட்டுக்காரருதான். இசக்கிமுத்து. பேரை எழுதிக்கிடச் சொல்லுங்க.”

பின்னால் வெள்ளத்தாய் குரலெடுத்தாள். அடுத்த நொடி ஏழு வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆனந்தவல்லி அந்தச் சத்தத்துக்கு மேல் பேசினாள். தனிக் குழியாகப் போடச் சொன்னாள். மற்ற இரண்டு பேரோடு சேர்க்கக் கூடாது. தலைமாட்டில் ஒரு கல் நட்டு, அதில் நம்பர் போடச் சொன்னாள். இடத்தைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். யாராவது ஒருத்தர் வந்து கேட்டால் காட்ட வேண்டும் என்றாள். நீ வருவியா தங்கச்சி என்று அவர் கேட்டார். நான் வருவேன், நான் இல்லாவிட்டால் வேறு ஒருத்தி வருவாள் என்றாள். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, சரி சரி என்றார். அவர் எதற்கும் சரி சொல்கிறவர் என்பது ஞாபகம் வந்து, குழி நம்பரைத் திருப்பிச் சொல்ல வேண்டும், ராத்திரிக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். யாரோ அவள் தலையிலிருந்த பூவைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கையால் தலையை மூடிக்கொண்டாள்.

“விடுங்க. அவரான்னு எனக்கே தெரியல.”

யாரும் விடவில்லை. மூளை குழம்பிவிட்டது, விடாதீர்கள், பிடித்து உட்கார வையுங்கள் என்று வெள்ளத்தாய் அழுதுகொண்டே சொன்னாள். ஆனந்தவல்லி அவர்களைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். ஆதார் அட்டையையும் அரிசிப் பானைக்கடியில் இருந்த பணத்தையும் எடுத்து இடுப்பில் சொருகினாள். புகாருக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருந்த அவன் போட்டோ ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். சேத்தூரில் யார் யார் வீட்டு ஆள் முறுக்குப் பிழியப் போனார்கள் என்று ஒவ்வொரு பேராக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்று பேர் வந்தது. நாலாவது பேர் வரவில்லை.

ஜெபா ஒருத்திதான் அழாமல் வாசலில் நின்றாள். இப்போது எங்கேக்கா போகிறாய், டிக்கெட் என்றால் போனிலேயே போடலாமே என்றவள், சொல்லிவிட்டுத் தன் கையிலிருந்த போனைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். நாலு போட்டோவிலும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“அது வந்தா அழிச்சுறாதட்டி,” என்றாள் ஆனந்தவல்லி. நாலரைக்கு மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள், வளவுக்குள் விடாமல் தெருமுனையிலேயே நிறுத்தி, அப்பா விஷயம் ஒன்றும் முடிவாகவில்லை என்று சொல்ல வேண்டும் என்றாள். செருப்பு ஒன்று கூட்டத்தின் காலில் மிதிபட்டு எங்கோ போயிருந்தது. மற்றதையும் உதறிவிட்டு, மகாராஷ்டிராவுக்கு டிக்கெட் எடுக்க ரயில்வே ஸ்டேஷன் கவுண்டர் அடைப்பதற்குள் போய்விட வேண்டும் என்று வெறுங்காலோடு வெயிலில் இறங்கினாள்.